நாளை வா: எல்லைத் தாலுகாக்களின் கொள்கைப் பிரகடனம்

2023 மே 23 அன்று மண்ணார்க்காட்டில் அரசின் குறைதீர்ப்பு அதாலத் நடந்தது. தேங்கிக் கிடந்த மனுக்களை உடனுக்குடன் முடித்துக் கொடுப்பதற்கென்று கூட்டிய கூட்டம் அது. அந்த வளாகத்திலேயே, ஒரு நிலத்தின் லொக்கேஷன் சர்டிபிகேட்டுக்கு 2,500 ரூபாய் கைக்கூலி வாங்கியதாகப் பாலக்கயம் வில்லேஜ் ஆபீஸ் உதவியாளர் ஒருவரை விஜிலன்ஸ் பிடித்தது. அவர் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையைத் திறந்து பார்த்தபோது கிடைத்ததாக விஜிலன்ஸ் சொன்ன கணக்கு இது: ரொக்கம் 35 லட்சம், வைப்புத்தொகை 45 லட்சம், சேமிப்புக் கணக்கில் 25 லட்சம். இவை போக 17 கிலோ சில்லறை நாணயம், தேன், குடம்புளி, பிரிக்காத சட்டை வேட்டிகள், பேனாக்கள்.

ரொக்கம் எங்களுக்குப் புரிகிறது. பேனா எதற்கு? ஒரு கோடி ரூபாயை வைத்துக்கொண்டு ஒற்றை அறையில் படுத்திருக்கிற மனிதனுக்குப் பத்து ரூபாய்ப் பேனாவால் என்ன ஆகப் போகிறது? சம்பளம் போதாததால் லஞ்சம் வாங்குகிறார்கள் என்று காலங்காலமாகச் சொல்லப்படுவதற்கு அந்த அறையில் இடமே இல்லை. அங்கே குவிந்திருந்தவை தேவைக்கான பொருள்கள் அல்ல என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு பேனாவுக்கும் பின்னால், வாசலில் காத்து நின்ற ஓர் ஆள் இருந்திருப்பார். தன்னால் ஒருவரைக் காக்க வைக்க முடிந்தது என்பதற்கான சாட்சியத்தைச் சேர்த்து வைக்கும் ஆசை பணத்தாசையைவிடப் பழையது. இந்த இயக்கம் அந்த ஆசையைப் பற்றியது.

நாங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலும், அட்டப்பாடியிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை தாலுகாக்களிலும் வாழ்கிறவர்கள். கொழுந்து கிள்ளுகிறவர்கள், ஏலக்காய் எடுக்கிறவர்கள், தென்னை வைத்திருக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள். பெரும்பாலோருக்கு வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். கோயம்புத்தூரும் தேனியும் எங்களுக்கு அரை நாள் தூரம். திருவனந்தபுரம் ஓர் இரவுப் பயணம். எல்லையில் இருப்பவனுக்கு ஆபீஸ் எப்போதும் கொஞ்சம் கூடுதல் தூரத்தில்தான் இருக்கும். 1956-இல் எந்த மாநிலத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை நாங்கள் மறுபடி கிளப்பவில்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் முதல் நாளே எங்களைப் பிரிவினைக்காரர்கள் பட்டியலில் சேர்த்து, கேட்ட கேள்வியைத் தள்ளிவைத்து விடுவார்கள்.

அதிகாரம் மனிதனைக் கெடுக்கும் என்று ஆக்டன் பிரபு 1887-இல் ஒரு கடிதத்தில் எழுதியதை எல்லா மேடைகளிலும் சொல்லித் தீர்த்தாயிற்று. எப்படிக் கெடுக்கிறது என்பதே எங்களுக்கு வேண்டும். 2006-இல் உளவியலாளர் ஆடம் கலின்ஸ்கியும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தம் கையில் அதிகாரம் இருந்த ஒரு தருணத்தை நினைத்து எழுதும்படி ஒரு குழுவிடம் சொன்னார்கள். பிறர் தம்மேல் அதிகாரம் செலுத்திய தருணத்தை எழுதும்படி இன்னொரு குழுவிடம். பிறகு எல்லோரையும் தத்தம் நெற்றியில் ஆங்கில ‘இ’ எழுத்தை வரையச் சொன்னார்கள். எதிரே நிற்பவர் படிக்கும்படியும் வரையலாம். தனக்குச் சரியாக, எதிரே இருப்பவருக்கு இடவலம் மாறித் தெரியும்படியும் வரையலாம். அதிகாரத்தை நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தமக்குச் சரியாகவே வரைந்தார்கள். சில நிமிட நினைப்புக்கே எதிரில் இருப்பவரின் கண் மறந்து போகிறது. ஓர் ஆய்வை வைத்து உலகத்தை அளக்க வேண்டாம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் முப்பது வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்தவரின் முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு இந்த முடிவில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் அந்த மறதிக்கு ஒரு வாக்கியம் உண்டு: நாளை வா. அதற்குச் செலவு கிடையாது, கையெழுத்து கிடையாது, பதிவேட்டில் தடம் கிடையாது. மறுத்தால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் மேல்முறையீடு உண்டு. தள்ளிப்போட்டால் ஒன்றும் இல்லை. ஆகவே கெட்டிக்கார அதிகாரி எதையும் மறுப்பதில்லை. ஒரு நாள் கூலியை இழந்து, வண்டி ஏறி மலையிலிருந்து இறங்கி வந்த பெண்ணிடம் “சார் லீவு” என்கிறபோது, அவருடைய ஒரு நாள் வாழ்க்கையை ஒருவர் வாங்காமலே வாங்கிக்கொள்கிறார். பணம் பிறகு வருகிறது. அந்தப் பெண்ணே கொண்டுவந்து தருவார், இன்னொரு நாளை இழக்காமல் இருக்க. லஞ்சத்தின் விலையை நிர்ணயிப்பது காத்திருப்பின் விலை.

இதை டெல்லியில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். செந்தில் முல்லைநாதன், ரீமா ஹன்னா, மரியான் பெர்ட்ராண்ட், சிமியோன் ஜான்கோவ் ஆகிய ஆய்வாளர்கள் ஓட்டுநர் உரிமம் கேட்டுப் போன 822 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களையும் அதிகாரிகள் தேர்வில் காரணமில்லாமல் தோற்கடித்தார்கள். ஏஜென்ட் மூலம் போனவர்கள் ஓட்டத் தெரியாமலே உரிமம் வாங்கினார்கள். அதிகாரி நேராகக் கை நீட்டவில்லை. நேர் வழியில் கல்லைப் போட்டு வைத்தார், அவ்வளவுதான். பக்க வழியில் ஏஜென்ட் நின்றார்.

எல்லையிலுள்ள வாளையாரில் இதே ஏற்பாடு இன்னும் முதிர்ந்த நிலையில் இருக்கிறது. 2022 ஜனவரியில் அங்கிருந்த மோட்டார் வாகனத் துறைச் செக்போஸ்ட்டில் விஜிலன்ஸ் சோதனை நடத்தி 67,000 ரூபாய் எடுத்தது. பணத்தோடு பூசணிக்காயும் ஆரஞ்சும் கைக்கூலியாக வாங்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது கேரளம் சிரித்தது. 2025 ஜனவரியில் வாளையார், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று ஐந்து செக்போஸ்ட்களிலும் மறுபடி சோதனை, மறுபடி பணம். எங்களில் லாரி ஓட்டுகிறவர்கள் சொல்வது வேறு விஷயம்: யாரும் கேட்பதில்லை. பேப்பர்கள் எல்லாம் சரியாக இருக்கிற வண்டிக்காரரும் உண்டியலில் போடுவது போல நோட்டை வைத்துவிட்டுப் போகிறார். கேட்காமலே கொடுக்கிற இடத்துக்கு வந்துவிட்டால், வாங்குகிறவருக்குத் தான் லஞ்சம் வாங்குகிறோம் என்ற எண்ணமே வராது. அது மாமூல். உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா இப்படி மனசாட்சியை அவிழ்த்து வைக்கும் வழிகளை ஆராய்ந்தார். செயலுக்கு வேறு பெயர் வைப்பது அவற்றுள் ஒன்று.

இங்கே ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது எல்லையில் இருந்த வணிகவரிச் செக்போஸ்ட்கள் மூடப்பட்டன. வண்டிகள் வாளையாரில் நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலம் அதோடு போயிற்று, அந்த வரிசையை வைத்துப் பிழைத்த மாமூலும் போயிற்று. அந்த அதிகாரிகள் யாரும் ஒரே இரவில் மகான்களாகிவிடவில்லை. வண்டியை நிறுத்தி வைக்கிற வசதி அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. பொருளாதார அறிஞர் ராபர்ட் கிளிட்கார்ட் 1988-இல் ஊழலை ஒரு கணக்காக எழுதினார்: ஏகபோகமும் விருப்பதிகாரமும் கூடி, பதில் சொல்லும் கடமை குறைந்த இடத்தில் ஊழல் பிறக்கிறது. நல்லவர்களைத் தேடி நாற்காலியில் உட்கார வைக்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியின் காலைக் கொஞ்சம் வெட்டுவது எங்கள் வேலை.

மூணாறைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. 1999-இல் தேவிகுளத்தில் கூடுதல் தாசில்தார் ஒருவர் 530 நிலப் பட்டயங்கள் வழங்கினார். அவர் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. 2022 ஜனவரியில் அவற்றை ரத்து செய்ய அரசு உத்தரவிட்டது. இடையில் 23 ஆண்டுகள். அந்தப் பட்டயங்களில் ரிசார்ட்டும் உண்டு, கட்சி அலுவலகமும் உண்டு, ஐந்து சென்ட்டில் வீடு கட்டிய கூலிக்காரரும் உண்டு. 2007-இல் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன் அனுப்பிய மூவர் குழு ஆக்கிரமிப்புகளை இடிக்கத் தொடங்கியது. கட்சி அலுவலகத்தின் முகப்பை ஜேசிபி தொட்டதும் சூடு தணிந்தது, குழு கலைந்தது. ஒரு கையெழுத்து தவறென்று சொல்ல ஓர் அரசுக்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு வேண்டியிருந்தது என்றால், அந்தக் காலம் முழுக்க அந்தக் காகிதத்தை மடியில் வைத்துப் பயந்து வாழ்ந்தவர்கள் யாரிடம் எத்தனை முறை குனிந்திருப்பார்கள்? தெளிவில்லாத காகிதம் அதிகாரத்துக்குப் பிடித்தமான காகிதம்.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். தேயிலைத் தோட்டங்களில் வாழும் பட்டியல் சாதித் தமிழர், தம் முன்னோர் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே வந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்தில் செத்து, ஒரு சென்ட் நிலம் சொந்தமாக இல்லாத பாட்டனுக்கு என்ன ஆவணம் இருக்கும்? கம்பெனியின் பேரேட்டில் ஒரு பெயர் இருக்கலாம். அதைத் தேடி எடுத்துக் கொடுக்க ஒருவர் மனம் வைக்க வேண்டும். அப்போதைய தேவிகுளம் எம்எல்ஏ ஏ. ராஜா பட்டியல் சாதித் தொகுதியில் நிற்கத் தகுதியுடையவர் அல்லர் என்று கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் அவருடைய தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தேர்தல் செல்லும் என்றது. மத மாற்றம் பற்றிய கேள்வி அதில் பெரிதாக இருந்தது. முன்னோர் எப்போது வந்தார்கள் என்பதும் அலசப்பட்டது. சட்டமன்ற உறுப்பினருக்கே தான் யார் என்று நிறுவ டெல்லி வரை போக வேண்டியிருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி விண்ணப்பத்தோடு தாலுக் ஆபீஸ் வாசலில் நிற்கும் பெண்ணுக்கு வக்கீல் யார்?

இனி எங்களை நாங்களே கிள்ளிப் பார்க்கும் பகுதி.

2015 செப்டம்பரில் மூணாறில் கண்ணன் தேவன் தோட்டத்துப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. நாள் கூலி 232 ரூபாய். ஒன்பது நாள் மூணாறு அசையவில்லை. கம்பெனியைவிட அவர்கள் கடுமையாகப் பேசியது தொழிற்சங்கத் தலைவர்களைப் பற்றித்தான். எந்தச் சங்கத்துத் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை. கூடை சுமக்கிறவள் லயத்தில் இருக்க, அவள் சந்தாவில் வளர்ந்தவர்கள் வேறு வீட்டில் இருந்தார்கள் என்பது அவர்கள் வழக்கு. 20 விழுக்காடு வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அந்த ஆண்டே உள்ளாட்சித் தேர்தலிலும் நின்று வென்றார்கள். பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் பெம்பிளை ஒருமை என்ற பெயர் நாடு முழுக்கப் போயிற்று. அப்புறம் அந்த அமைப்புக்குள்ளும் பிளவு வந்தது. ஒருவர் ஒரு கட்சிப் பக்கம், இன்னொருவர் வேறு பக்கம்.

இதில் எங்களுக்கு இருக்கும் பாடம் கசப்பானது. நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் பாட்டன்மாரை மலையேற்றிய கங்காணி, ஆள் கணக்குக்குக் கமிஷன் வாங்கினார். கங்காணிமுறையை ஒழிக்க வந்தது சங்கம். சங்கத்துக்குள் ஒரு கங்காணி வளர்ந்தார். சங்கத்தை எதிர்த்து எழுந்த பெண்களைத் தலைவிகளாக்கி, மைக்கைக் கொடுத்து, டிவியில் உட்கார வைத்துப் பிரித்தார்கள். தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் நடுவில் யார் நின்றாலும் அந்த இடம் அவரைத் தனக்கு ஏற்ற உருவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. நாளை அந்த இடத்தில் நிற்கப் போவது நாங்கள்.

தமிழர் என்பதாலேயே நாங்கள் ஒடுக்கப்பட்டவர்கள், ஆகவே நல்லவர்கள் என்ற பேச்சும் இங்கே செல்லாது. முதலமடைப் பஞ்சாயத்தில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், சக்கிலியர் குடும்பங்களுக்குத் தனிக் குவளையில் டீ, தண்ணீர் பிடிப்பதில் பாகுபாடு என்ற புகார் 2017-இல் வெளியே வந்தது. அங்கே குவளையைப் பிரித்ததாகச் சொல்லப்பட்டவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான். வில்லேஜ் ஆபீஸில் கைகட்டி நின்றுவிட்டு ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் நாற்காலி போட்டுக்கொள்கிற மனசு எங்களுக்குள்ளும் இருக்கிறது. அந்தப் புகாரைப் பேசக் கூச்சப்படுகிறவர் இந்த இயக்கத்தில் சேர வேண்டாம்.

ஆனால் நாற்காலிகள் மாறவே மாறாது என்று நாங்கள் நம்பவில்லை. பெருமாட்டிப் பஞ்சாயத்தைப் பாருங்கள். பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலைக்கு 2000-இல் உரிமம் கொடுத்தது அந்தப் பஞ்சாயத்துதான். 2003 ஏப்ரலில் அதைப் புதுப்பிக்க மறுத்ததும் அதே பஞ்சாயத்துதான். இடையில் நடந்தது என்ன? 2002 ஏப்ரல் 22 முதல் அந்த ஊர் மயிலம்மாவும் எரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பங்களும் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், தினமும். கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களைத் தாண்டாமல் பஞ்சாயத்துக்காரர்களால் எங்கும் போக முடியவில்லை. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-இல் அரசின் உயர்மட்டக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணித்தது. 2011-இல் கேரளச் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பி வந்தது. பெருமாட்டி நடந்து போகும் தூரம், அங்கே வென்றார்கள். டெல்லிக்கு நடக்க முடியவில்லை, அங்கே தோற்றார்கள். மயிலம்மா 2007-இல் இறந்தார்.

ஆகவே இந்த இயக்கம் செய்யப் போவது, தூரத்தைக் குறைப்பது. எங்கள் ஆட்கள் யாரும் இனி ஆபீஸுக்குத் தனியாகப் போக மாட்டார்கள். தனியாகப் போகிறவர்தான் குனிகிறார். மூன்று பேர் சேர்ந்து போனால் மனு கொடுக்கும் குரலே மாறுகிறது. கூச்சல் போட மாட்டோம், அதிகாரியைச் சூழ்ந்து நிற்க மாட்டோம். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்குவோம். ரசீது கிடைக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்போம். கேரளத்தில் 2012 முதல் சேவை உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் நாள் கணக்கு உண்டு, தவறினால் அபராதம் உண்டு. “நாளை வா” என்கிறவரிடம் நாங்கள் கேட்கப் போவது ஒன்றே: எந்த நாளை, சாரே? தேதியைப் போட்டுக் கொடுங்கள்.

மனுவைத் தமிழில் எழுதுவோம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலோ கன்னடத்திலோ எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிற உரிமை இது, எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஏஜென்ட்டின் பிழைப்பில் ஒரு பங்கு இந்த அறியாமையால் ஓடுகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைக்கிறவர், அந்த நிமிஷமே தன் வழக்கை வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறார். இதில் மலையாளத்தின்மேல் கோபம் ஏதுமில்லை. எங்கள் பிள்ளைகள் மலையாளம் நன்றாகப் படிக்கட்டும், அவர்களே நாளை அந்த நாற்காலியில் உட்காரட்டும். உட்கார்ந்த பிறகு எங்கள் மனுவுக்கும் ரசீது கொடுக்கட்டும்.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994-இல் ஊர் நடுவே கூலிப் பட்டியலை உரக்கப் படித்தது. செத்தவர் பெயரிலும் வராதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருப்பதை ஊரே கேட்டது. 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்ததற்கு அந்தப் படிப்பு ஒரு வேர். கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் குமுளியிலும் நாங்கள் அதையே செய்வோம். தொழிலுறுதிக் கூலி, லைஃப் திட்ட வீட்டுப் பட்டியல், மூடிப்போன பீருமேட்டுத் தோட்டங்களின் பிஎஃப், கிராஜுவிட்டி பாக்கி: எல்லாம் பெயரோடும் தொகையோடும் வாசிக்கப்படும். வாசிக்கும்போது சம்பந்தப்பட்ட அதிகாரிக்கும் ஒரு நாற்காலி போடுவோம், பேசவும் விடுவோம். அவரை அவமானப்படுத்த வேண்டும் என்ற ருசி எங்களுக்கு வந்துவிட்டால், நாங்களும் இன்னொரு ஆபீஸ் ஆகிவிட்டோம் என்று அர்த்தம்.

இந்தக் காரணத்தால் எங்கள் மேலேயே சில கட்டுகளைப் போட்டுக்கொள்கிறோம். இயக்கத்துக்குத் தலைவர் இல்லை. பொறுப்பாளர்களைக் குடவோலை முறைப்படி சீட்டெடுத்துத் தேர்வோம். சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் வாரியத்துக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கியது, அந்த விதியையும் எடுத்துக்கொள்கிறோம். ஒருவருக்கு ஓராண்டு, மறுமுறை இல்லை. பாதிக்கு மேல் பெண்கள். மனுதாரரோடு ஆபீஸுக்குத் துணை போகிறவர் அவரிடம் டீ கூட வாங்கிக் குடிக்கக் கூடாது, டீயில்தான் தொடங்குகிறது. மூன்றாம் ஆண்டின் முடிவில் இயக்கம் தானாகவே கலையும். வேண்டும் என்கிறவர்கள் மறுபடி கூடி, கணக்கை வாசித்து, முதலிலிருந்து தொடங்கலாம். பெயர் வைக்கவில்லையே என்று கேட்கிறார்கள். பெயர் வந்தால் பலகை வரும், பலகை வந்தால் கட்டடம், கட்டடம் வந்தால் அதற்குள் ஒரு நாற்காலி. மூன்றாண்டு பெயரில்லாமல் ஓட முடிகிறதா பார்ப்போம்.

சந்தா மாதம் பத்து ரூபாய். தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்த ரசீதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று எங்கள் ஆள் யாராவது சொன்னால், முதல் மனுவை அவர் மேலேயே எழுதுங்கள்.